இரண்டு புள்ளியும் முப்பது ஆண்டும்

மாவட்ட லீக்கில் 22 ஆண்டுகள் ரெஃப்ரியாக விசில் ஊதியிருக்கிறேன். ஓர் ஆட்டக்காரரை வெளியே அனுப்பினால் அன்றிரவே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எத்தனையாவது நிமிடம், பனியன் எண் என்ன, என்ன செய்தார், நான் எங்கே நின்றேன் என்று எழுத அரைப் பக்கம்தான் இடம் இருக்கும். 1994இல் ஓர் ஆட்டம். பத்தொன்பது வயதுப் பையன், வலது விங்கில் ஆடுபவன், பெனால்டி கொடுத்துவிட்டேன் என்ற கோபத்தில் என் மார்பில் கை வைத்துத் தள்ளினான். இரண்டடி பின்னால் போனேன், விழவில்லை. ‘தள்ளினார்’ என்று எழுதினேன். ஒழுங்குக் குழு அவனையும் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. ஓராண்டுத் தடை. அதே மாதம் வசதியான ஒரு டீமின் ஆட்டக்காரர் எதிராளியின் முகத்தில் முழங்கையால் இடித்து உதட்டைக் கிழித்தார். அவருக்கு இரண்டு மேட்ச். இரண்டு அறிக்கையையும் எழுதியது நான்தான்.

குழுவிடம் போய் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதன்பிறகுதான் கால்பந்தில் தடைகள் எப்படி விதிக்கப்பட்டன என்று தேடித்தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட பெயர் ஈனாக் வெஸ்ட்.

வெஸ்ட் 1886இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் ஹக்னல் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். ஃபார்வர்டு. 1907-08 பருவத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்காக ஆடி முதல் டிவிஷனில் மற்ற எல்லாரையும்விட அதிக கோல் போட்டவர். 1910இல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது. மறு ஆண்டே அந்த அணி லீக் சாம்பியன். யுனைடெட்டுக்காக 181 ஆட்டங்களில் 80 கோல். 1915 வசந்தத்தில் அவருக்கு 29 வயது. ஒரு ஃபார்வர்டுக்கு இன்னும் நான்கைந்து நல்ல பருவங்கள் மிச்சம் இருக்கும் வயது.

ஆனால் அந்த வசந்தத்தில் யாருக்குமே அடுத்த பருவம் என்று ஒன்று இருக்கவில்லை. முதல் உலகப் போர் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. லீக்கை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் சம்பளமும் நின்றுபோகும். அந்தச் சம்பளமும் பெரிதல்ல. எவ்வளவு பேர் பெற்ற ஆட்டக்காரரானாலும் வாரம் 5 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 1961 வரை ஏதோ ஒரு தொகையில் அந்த உச்சவரம்பு நீடித்தது. அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தாலும் ஆடுகிறவனுக்கு அதே கூலி. அந்த ஏப்ரலை நினைக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. ஓல்டு டிராஃபோர்டில் யுனைடெட்டும் லிவர்பூலும் மோதின. யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும் விளிம்பில் இருந்தது. லிவர்பூலுக்கு அந்த ஆட்டத்தில் பெறவும் இழக்கவும் ஒன்றுமில்லை. யுனைடெட் 2-0 என்று ஜெயித்தது. இரண்டு கோலும் ஜார்ஜ் ஆண்டர்சன் போட்டவை. நடுவில் யுனைடெட்டுக்குக் கிடைத்த பெனால்டியை அணித்தலைவர் பாட்ரிக் ஓ’கானல் போஸ்ட்டுக்கு வெகு தூரம் தள்ளி வெளியே அடித்தார். கடைசிக் கட்டத்தில் லிவர்பூலின் ஃபிரெட் பாக்னம் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது, அவருடைய சொந்த அணிக்காரர்களே அவரைத் திட்டினார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. 2-0 என்ற அதே கணக்குக்கு 7-க்கு 1 விலையில் ஏகப்பட்ட பந்தயப் பணம் கட்டப்பட்டிருந்தது பிறகு தெரிந்தது.

கால்பந்துச் சங்கம் விசாரித்து 1915 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. யுனைடெட்டில் வெஸ்ட், சாண்டி டர்ன்புல், ஆர்தர் வேலி. லிவர்பூலில் ஜாக்கி ஷெல்டன், டாம் மில்லர், பாப் பர்சல், டாம் ஃபேர்ஃபௌல். செஸ்டர் அணிக்காரர் லாரன்ஸ் குக். எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை. அந்த ஆட்டத்தில் வேலி, டர்ன்புல் இருவரும் மைதானத்தில் இறங்கவேயில்லை. இறங்கிய யுனைடெட் பதினொருவரில் தண்டனை பெற்றவர் வெஸ்ட் ஒருவரே. பெனால்டியை வெளியே அடித்த ஓ’கானல் மேல் எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை. அவர் பிற்காலத்தில் ஸ்பெயினுக்குப் போய் 1935இல் ரியல் பெட்டிஸ் அணியை லீக் சாம்பியனாக்கினார், பிறகு பார்சலோனாவுக்கும் பயிற்சி கொடுத்தார். ஓ’கானலைக் குற்றவாளி என்று நான் சொல்லவரவில்லை. ஒரே ஆட்டத்தில் ஆடிய இரண்டு பேரின் வாழ்க்கை எப்படிப் பிரிந்து போயிற்று என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி வருவதுதான் எனக்குப் பொறுக்காத இடம். தீர்ப்பில் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் உண்டு, அணிகள் இல்லை. யுனைடெட்டின் 2 புள்ளியை யாரும் பிடுங்கவில்லை. அந்தப் பருவத்தை அது 30 புள்ளியோடு முடித்தது. செல்சிக்கு 29, டாட்டன்ஹாமுக்கு 28. கடைசி இரண்டு இடங்களில் நின்றவை அவைதான். அந்த ஆட்டத்தில் யுனைடெட் தோற்றிருந்தால் செல்சிக்குக் கீழே போயிருக்கும். போர் முடிந்து 1919இல் முதல் டிவிஷனை 20 அணியிலிருந்து 22 ஆக்கியபோது செல்சியை மேலேயே வைத்துக்கொண்டார்கள். அணிகளுக்கு இப்படி ஒரு வழி கிடைத்தது.

அதே 1919இல் போர் முனைக்குப் போனவர்களின் தடையை நீக்கினார்கள். வேலி காயத்தோடு திரும்பி யுனைடெட்டுக்கே ஆடினார். டாம் மில்லர் 1920இல் ஸ்காட்லாந்துக்கே ஆடினார், அதே ஆண்டு யுனைடெட்டும் அவரை வாங்கிக்கொண்டது. டர்ன்புல்லின் தடையையும் நீக்கினார்கள். அவர் 1917 மே 3 அன்று பிரான்சில் ஆரஸ் போர்க்களத்தில் இறந்துபோயிருந்தார். உடல் கிடைக்கவில்லை. ஆரஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது.

வெஸ்டின் தடை மட்டும் அப்படியே நின்றது. அவர் தொடக்கத்திலிருந்தே ‘நான் செய்யவில்லை’ என்றவர். சங்கத்தின் மேல் அவதூறு வழக்குப் போட்டார். 1917இல் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். அதன்பிறகும் சொன்னதை மாற்றவில்லை. அவருடைய தடை விலகியது 1945இல், இரண்டாம் உலகப் போரும் முடிந்த பிறகு. அப்போது அவருக்கு 59 வயது. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று எனக்கு முடிவு சொல்லத் தெரியாது, நீதிமன்றம் அவரை நம்பவில்லை. ஆனால் குற்றவாளி என்றே வைத்துக்கொண்டாலும், அதே குற்றத்துக்கு வேலிக்கு நான்கு ஆண்டு, வெஸ்டுக்கு முப்பது. இந்த இருபத்தாறு ஆண்டு வித்தியாசம் புனித வெள்ளியன்று நடந்ததற்காக அல்ல, பிறகு நடந்துகொண்ட விதத்துக்காக.

அந்தப் புனித வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை, 1915 ஏப்ரல் 3, மிடில்ஸ்பரோவில் இன்னொரு சம்பவம். 4-1 என்று பின்தங்கியிருந்த ஓல்டம் அணியின் பில்லி குக்கை ரெஃப்ரி வெளியே போகச் சொன்னார். குக் போக மறுத்துவிட்டார். ரெஃப்ரி ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார். குக்குக்கு 12 மாதத் தடை. அந்தப் பன்னிரண்டு மாதத்தின் பெரும்பகுதியில் லீக்கே நடக்கவில்லை! ஓல்டம் அந்தப் பருவம் ஒரே புள்ளியில் எவர்ட்டனிடம் சாம்பியன் பட்டத்தை இழந்தது. ரெஃப்ரியாக இருந்தவன் என்ற முறையில் குக்கின் மேல் எனக்குக் கோபம் உண்டு. மைதானத்தில் நின்றுகொண்டு போகமாட்டேன் என்பது சிறிய காரியமல்ல. ஆனாலும் தடை என்பதை நாள்காட்டியில் அளப்பது எவ்வளவு பொய்யான அளவு என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. குக்கின் ஓராண்டும் என் விங்கரின் ஓராண்டும் காகிதத்தில் ஒரே நீளம்.

1962க்கு வருகிறேன். அந்த ஒரே ஆண்டில் இரண்டு கதை.

சிலியில் உலகக் கோப்பை. ஜூன் 2 அன்று சாண்டியாகோவில் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டம் அடிதடியாக மாறியது. இத்தாலியின் ஃபெர்ரினியும் டேவிடும் வெளியே அனுப்பப்பட்டார்கள். இத்தாலியின் மாஸ்கியோவின் மூக்கைக் குத்தி உடைத்த சிலியின் லியோனெல் சான்செஸ் கடைசி வரை ஆடினார். பதினொரு நாள் கழித்து, பிரேசிலுக்கு எதிரான அரையிறுதியில் அதே சான்செஸ் கோலும் போட்டார். அந்த அரையிறுதியில்தான் பிரேசிலின் கரிஞ்சா, தன்னை ஓயாமல் உதைத்துக்கொண்டிருந்த சிலிக்காரர்களில் ஒருவரான எலாதியோ ரோஹாஸைத் திருப்பி உதைத்தார். பெருவைச் சேர்ந்த ரெஃப்ரி யமசாகி அதைப் பார்க்கவில்லை. லைன்ஸ்மேன் எஸ்தெபான் மரினோ பார்த்துச் சொன்னார். கரிஞ்சா வெளியே நடந்தபோது கூட்டத்திலிருந்து பறந்து வந்த ஏதோ ஒன்று தலையில் பட்டு ரத்தம் வழிந்தது. பிரேசில் 4-2 என்று ஜெயித்தது. அவற்றில் இரண்டு கரிஞ்சாவுடையவை.

வெளியே அனுப்பப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் தானாகவே ஆட முடியாது என்ற விதி அன்று இல்லை, குழுதான் கூடி முடிவெடுக்கும். பெலே காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார். கரிஞ்சாவும் இல்லாத ஃபைனலை யாரும் விரும்பவில்லை. பிரேசில் பிரதமர் டாங்க்ரெடோ நெவிஸ் ஃபிஃபாவுக்கு வேண்டுகோள் அனுப்பினார். பார்த்த ஒரே சாட்சியான மரினோ விசாரணையின்போது அங்கே இல்லை. கரிஞ்சாவுக்குக் கண்டிப்பு மட்டும். ஜூன் 17 அன்று காய்ச்சலோடு ஃபைனலில் இறங்கினார், பிரேசில் 3-1 என்று செக்கோஸ்லோவாக்கியாவை வென்றது. அதே அரையிறுதியில் வெளியே அனுப்பப்பட்ட சிலியின் லாண்டா மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இறங்கவில்லை.

கரிஞ்சா அந்த ஃபைனலில் ஆடியதில் எனக்குச் சந்தோஷம்தான். அவ்வளவு உதை வாங்கியவர் ஒரு தடவை திருப்பிக் கொடுத்ததற்காக ஃபைனலை இழக்க வேண்டியதில்லை. என் குறை அவருக்குக் காட்டிய கருணையில் இல்லை. அந்தக் கருணை பிரதமரின் வேண்டுகோள் போகக்கூடிய தூரம் வரைதான் போயிற்று என்பதில்தான்.

அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று இங்கிலாந்தில் இப்ஸ்விச் அணி ஷெஃபீல்டு வென்ஸ்டேயை 2-0 என்று தோற்கடித்தது. வென்ஸ்டேயின் பீட்டர் ஸ்வான், டோனி கே, டேவிட் லேன் மூவரும் தங்கள் அணியே தோற்கும் என்று ஆளுக்கு 50 பவுண்டு கட்டியிருந்தார்கள். 1964இல் ஒரு ஞாயிறு செய்தித்தாள் அதை வெளியே கொண்டுவந்தது. அந்தப் பத்திரிகையே அன்றைய ஆட்டத்தில் மிக நன்றாக ஆடியவர் என்று கேயைப் பாராட்டியிருந்தது. 1965 ஜனவரியில் மூவருக்கும் நான்கு மாதச் சிறை. சிறையிலிருந்து வந்த பிறகு ஆயுள் தடை வேறு. ஸ்வான் இங்கிலாந்துக்காக 19 ஆட்டம் ஆடியிருந்த சென்டர் ஹாஃப். 1966 உலகக் கோப்பையை இங்கிலாந்து சொந்த மண்ணில் வென்றபோது அவருக்கு வயது 29.

அவர்கள் செய்தது தப்பு. தன் அணி தோற்கப் பணம் கட்டுகிறவனை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் நாட்டின் சட்டம் நான்கு மாதம் போதும் என்ற குற்றத்துக்கு விளையாட்டின் சட்டம் ஆயுள் முழுவதையும் கேட்டது. 1972இல் தடையை நீக்கினார்கள். ஸ்வான் 35 வயதில் வென்ஸ்டேக்குத் திரும்பி வந்து ஆடினார். கே தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பவேயில்லை.

பிறகு சிவப்பு அட்டை வந்தது, டிவி வந்தது. 1994இல் இத்தாலியின் டசோட்டி ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கேயின் மூக்கை முழங்கையால் உடைத்ததை ரெஃப்ரி பார்க்கவில்லை. படத்தைப் பார்த்து ஃபிஃபா 8 ஆட்டத் தடை விதித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு முழுச் சம்மதம். ஆனால் கேமரா வந்தும் அளவுகோல் சரியாகவில்லை. உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் 2010இல் கானாவின் கோலைக் கோட்டுக்கு மேலே கையால் தடுத்தார். ஒரு நாடே அரையிறுதியை இழந்தது, அவருக்கு ஒரு ஆட்டம். 2014இல் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்ததற்கு 9 சர்வதேச ஆட்டம், அதோடு நான்கு மாதம் ஸ்டேடியத்துக்குள்ளேயே நுழையக்கூடாது. கடித்தது அவருக்கு மூன்றாம் தடவை, கடுமையாகத்தான் தண்டிக்க வேண்டும். ஆனாலும் இது அதிகம் என்று சொன்னவர் கடிபட்ட கியெல்லினி. அவரைக் கேட்டுவிட்டு யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

என் விங்கரின் தடை 1995இல் முடிந்தது. புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு ஊதப் போனது நான்தான். கயிற்றுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் பூட்ஸ் இல்லை. “பேர் கொடுக்கலையா தம்பி?” என்று கேட்டேன். “இல்ல சார், ஞாயித்துக்கிழமையும் ரெண்டாவது ஷிப்ட் போட்டுட்டாங்க. மூணு மணிக்குள்ள கேட்டுல இருக்கணும்” என்றான். ஆட்டம் மூன்றரைக்கு. டீம்கள் இறங்கிப் பந்தை உதைத்துப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கிளம்பினான்.