ஆமை நடை (சென்னை)

சென்னையின் தென்கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை, வார இறுதி இரவுகளில், கடலாமைக் கூடுகளைத் தேடி மாணவர்களும் பொதுமக்களும் மேற்கொள்ளும் நடை. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடைப்பட்ட மணல்வெளி இதன் வழக்கமான பாதை. நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியும்வரை நீளும். கடலோரத்தில் விடுமுறையைக் கழிக்க வருபவருக்கு இந்நகரம் தரக்கூடிய மிகச் சிறந்த இரவு இதுவே.

இந்த நடையின் வேர் கிண்டியில் இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் 1972-இல் கிண்டிக் காட்டின் ஓரம், சிறுவர் பூங்காவை அடுத்து அமைத்த பாம்புப் பண்ணையில் இயற்கை ஆர்வமுள்ள இளைஞர்கள் கூடினார்கள். கரைக்கு வரும் பங்குனி ஆமைகளின் முட்டைகளை மனிதர் தோண்டி எடுத்து விற்ற காலம் அது. தப்பியவற்றை நாய்களும் நரிகளும் தின்றன. எத்தனை ஆமைகள் வருகின்றன என்ற கணக்குகூட யாரிடமும் இல்லை. பண்ணையைச் சேர்ந்தவர்கள் இரவுகளில் கரையோரம் நடந்து கூடுகளைக் கண்டறிந்து, முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காத்தனர். வள்ளியப்பனும் விட்டேக்கரும் சோழமண்டலக் கரையின் ஆமைகள் பற்றி எழுதிய ஆய்வுக் குறிப்பு 1974-இல் வெளிவந்தது.

அக்குழுவில் சதீஷ் பாஸ்கரைத் தனியே சொல்லியாக வேண்டும். பூங்காவுக்கு அடுத்த மதில் ஐ.ஐ.டி.; அங்கே பொறியியல் படிக்க வந்தவரை வகுப்பறையைவிடக் கடல்தான் இழுத்தது. பின்னர் இந்தியக் கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982-இல் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில், படகு எதுவும் வராத மழைக்காலம் முழுவதும் தனியே தங்கினார். மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார்; அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் சேர்ந்து, அவர் அனுப்பிவைக்க, வீடு வந்து சேர்ந்தது. பாஸ்கர் 2023-இல் மறைந்தார்.

பண்ணையின் பணியை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், அடுத்து வனத்துறையும் சில ஆண்டுகள் தொடர்ந்தன. 1988-இல் கார்த்திக் சங்கர் உள்ளிட்ட கல்லூரி மாணவர்கள் அதைக் கையிலெடுத்து, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். பொதுமக்களையும் உடன் அழைத்துச் சென்றது அவர்கள் செய்த பெரிய காரியம். ஆய்வாளரின் வேலையாக இருந்த நடை அன்றுமுதல் ஊருடையது ஆனது.

நடக்கும்போது டார்ச் அடிக்கக் கூடாது, பேச்சும் குறைவாகவே இருக்க வேண்டும். அலையோரத்திலிருந்து மேட்டுக்கு ஏறித் திரும்பும் துடுப்புத் தடம் கண்ணில் பட்டால், தடம் வளையும் இடத்து மணலை மெல்லிய கோலால் குத்திப் பார்ப்பார்கள். கோல் இளகி இறங்கும் இடத்தில் கூடு இருக்கும். ஏறத்தாழ முக்கால் முழம், முழம் ஆழத்தில், குடம்போல் வயிறு அகன்ற குழியில் நூறு முட்டைகளுக்கு மேல் கிடக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் திருப்பாமல் எடுத்துச் சென்று, பொரிப்பகத்தில் அதே வடிவக் குழியில் வைக்க வேண்டும். தாமதித்து அசைத்தால் கரு சிதையும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள். சுமார் 45 முதல் 60 நாளில் பொரிக்கும். குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகளுக்குக் குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லலாம்.

கூடுகளைத் திருடுவது பெரிதும் குறைந்துவிட்டது; வெளிச்சம் புதுப் பகையாக வந்தது. கடலின் மங்கிய ஒளியை நாடிச் செல்லவேண்டிய குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்துச் சாலைப் பக்கம் ஊர்கின்றன. அதனால் பருவ காலத்தில் கரையோர விளக்குகளை அணைக்கும்படி தன்னார்வலர்கள் கேட்டு வருகிறார்கள்.

அதைவிடக் கொடியது வலை. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். நீருக்கடியில் சிக்கினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அவ்வாண்டு நடைக்குச் சென்றவர்கள் கூடுகளைவிடச் சடலங்களையே அதிகம் பார்க்க நேர்ந்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. வலையில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கருவியும் உண்டு. தடையை உண்மையாகவே அமல்படுத்தி, அக்கருவியை ஒவ்வொரு இழுவை வலையிலும் பொருத்தாதவரை, பொரிப்பகத்தில் காக்கும் குஞ்சுகள் முட்டையிடவந்த தாய்களின் இழப்பை ஈடுகட்டா.