கத்தக்குறிச்சி சாந்தியும் ஐயத்தின் நீதியும்

ஓட்டப் பந்தயத்தில் தோற்றவர் வருந்துவது இயல்பு. வென்றவர், வென்ற காரணத்தினாலேயே தம் உடலமைப்பு உலகறிய அலசப்பட்டு, பதக்கமும் பிழைப்பும் இழந்து நிற்பது அரிது. அத்தகைய துயரம் 2006ஆம் ஆண்டில் நம் தமிழகத்துப் பெண்மணி ஒருவருக்கு நேர்ந்தது. அவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன்.

சாந்தியின் பெற்றோர் செங்கற்சூளைக் கூலிகள், ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். வறுமைக்கு நடுவே ஓடிப் பழகிய அவர், 2005ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006 டிசம்பரில் கத்தாரின் தலைநகர் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அதே தூரத்தை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் பஹ்ரைன் நாட்டு மர்யம் யூசுஃப் ஜமாலுக்கு. கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவா நூலிழையில் பின்தங்கி மூன்றாவதாக வந்தார்.

பந்தயம் முடிந்த பின்னர்ச் சாந்தி மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். சில நாட்களில், அவர் பாலினச் சோதனையில் தேறவில்லை என்னும் செய்தி தொலைக்காட்சிகளில் பரவியது. பெற்றோரும் ஊராரும் அவ்வழியாகவே அதனை அறிந்தனர். பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அதன் பின்னரும் 15 இலட்சம் ரூபாய்ப் பரிசை மறுக்காமல் வழங்கியது, அவ்விருளில் தென்பட்ட ஒரே வெளிச்சம். அப்பணத்தின் பெரும்பகுதியைச் சாந்தி ஏழைப் பிள்ளைகளின் ஓட்டப் பயிற்சிக்குச் செலவிட்டார். ஆயினும் ஏச்சும் பேச்சும் ஓயவில்லை. 2007ஆம் ஆண்டு அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முனைந்தார். 2012ஆம் ஆண்டு மீண்டும் செங்கற்சூளையில் நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்கு வேலை பார்த்தார் என்று நாளேடுகள் எழுதின. பின்னர் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

கோவில்பட்டியில் அமர்ந்து இதனை எழுதும்போது இஃது அயலூர்ச் செய்தியாகத் தோன்றவில்லை. கத்தக்குறிச்சியும் நம் கரிசற்காடும் வானம் பார்த்த பூமிகளே. நம்மூர் ஹாக்கிக்குப் பெயர் பெற்றது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாய்மாரின் பெண்மக்களும் இங்கு மட்டை பிடிக்கின்றனர், ஓடுகின்றனர். விளையாட்டுச் சான்றிதழ் ஒன்று கல்லூரியில் இடமும் காவல்துறையிலோ இரயில்வேயிலோ வேலையும் பெற்றுத் தரும் என்னும் நம்பிக்கை அவர்களை ஓட வைக்கிறது. எனவே, பெண்கள் பந்தயத்தில் யார் ஓடலாம் என்பதை யார், எவ்வாறு முடிவு செய்வது என்னும் வினா நம் வீட்டு வாசலிலும் நிற்கிறது.

உடலைச் சோதித்த வரலாறு

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஆணாக வளர்ந்து பின்னர்ப் பெண்ணாக வாழ்வோரைப் பற்றியதன்று இக்கட்டுரை. பிறந்தபோதே பெண் எனப் பதியப்பெற்று, பெண்ணாகவே வளர்ந்து, உள்ளுறுப்பிலோ குரோமோசோமிலோ ஹார்மோனிலோ வழக்கத்திற்கு மாறான அமைப்புடையவர்களைப் பற்றியது. இதனை மருத்துவர் பாலின வளர்ச்சி வேறுபாடு என்பர். இவர்களுள் பலர் தம் நிலையைத் தாமே அறியாதவர்கள். பூப்பெய்தாமை கண்டு தாய் கவலைப்படுவாள். அதற்கு மேல் ஆராயும் வசதி ஏழை வீட்டில் ஏது?

1966ஆம் ஆண்டு புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நிற்க வேண்டியிருந்தது. அச்சோதனையில் தேறிய போலந்து நாட்டு ஏவா குளோபுகோவ்ஸ்கா, மறு ஆண்டே குரோமோசோம் சோதனையில் தேறவில்லை என விலக்கப்பட்டார். ஓராண்டு இடைவெளியில் ஒரே உடலுக்கு இரு தீர்ப்புகள்! 1968 முதல் ஒலிம்பிக்கிலும் குரோமோசோம் சோதனை புகுந்தது. 1985ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே நகரில் ஸ்பெயின் நாட்டு மரியா ஹோசே மார்த்தினெஸ் பாத்தின்யோ அச்சோதனையில் அகப்பட்டார். அவருக்கு ஆணுக்குரிய எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருந்தன. ஆயின் ஆண் ஹார்மோனை ஏற்கும் திறன் அவருடைய உடலுக்கு அறவே இல்லை. அந்த ஹார்மோனால் அவர் பெற்ற நன்மை ஒன்றுமில்லை. உதவித்தொகையும் சாதனைப் பதிவுகளும் பறிபோன பின், மூன்றாண்டுகள் போராடி 1988இல் தகுதியை மீட்டார்.

1992இல் சோதனையின் வகை மாறியது. 1990இல் கண்டறியப்பட்ட எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு உண்டா இல்லையா என்று பார்க்கலாயினர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களுள் 8 பேருக்கு அது காணப்பட்டது; எண்மரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். 1999இல் ஒலிம்பிக் குழு அனைவரையும் சோதிக்கும் முறையைக் கைவிட்டது. ஐயம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் எஞ்சியது. அந்த எச்சத்தில்தான் சாந்தி சிக்கினார்.

2006ஆம் ஆண்டிலேயே உலகத் தடகளச் சம்மேளனம் இதற்கென ஒரு கொள்கை ஆவணம் வகுத்திருந்தது. ஆண் ஹார்மோனை முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ ஏற்காத நிலை, போட்டியிட அனுமதிக்கத்தக்க நிலைகளுள் ஒன்றாக அதில் குறிக்கப்பட்டிருந்தது. சாந்தியின் நிலை ஹார்மோன் ஏலாமையே என்று ஏடுகள் எழுதின. அவ்வாறாயின் அது முழுமையானதா, பகுதியளவினதா? அவருக்கு ஆதாயம் தந்ததா, தரவில்லையா? அவரை வைத்துக்கொண்டு கேட்டு, விடை கண்டு, அதன் பின்னரே தீர்ப்புரைத்திருக்க வேண்டும். செய்தி முதலில் வந்தது. தீர்ப்பு அதனைத் தொடர்ந்தது.

மூன்றாவதாக வந்தவரின் நியாயம்

எனினும் மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். பெண்களுக்கெனத் தனிப் பந்தயம் ஏன் ஏற்பட்டது? உயர்நிலை ஓட்டத்தில் ஆண்கள் பெண்களைவிட நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வேகம் மிக்கவர்கள். பருவமடைந்த பின் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் தசையையும் எலும்பையும் குருதியின் செம்மையையும் வளர்ப்பதே இதற்குத் தலையாய காரணம். எல்லை ஒன்று இல்லையேல் பெண்களின் பெயர் வெற்றிப் பட்டியலில் இராது. சில வேறுபாடுகளில் இந்த ஹார்மோன் ஆண்களின் அளவிலேயே சுரந்து, உடலிலும் வேலை செய்கிறது. தோஹாவில் யலோவ்ட்சேவாவுக்கும் ஒரு தாய்நாடு உண்டு, உழைத்த ஆண்டுகள் உண்டு. தம் போட்டி நேர்மையானதா என்று கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு. இதனைப் பொறாமை என்று தள்ளுவது நீதியாகாது.

ஆக, இருவர் உரிமைகள் ஒரே கோட்டில் மோதுகின்றன. ஒருபுறம் முழு உறுதி இல்லை. இத்தகைய இடத்தில் நீதிபதி என்ன செய்வார்?

பழைய நீதிமான்கள் கண்ட வழி

அரபு மொழிச் சட்ட நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. ஆண், பெண் எனத் தெளியாத பிறப்பினரை அந்நூல்கள் 'குன்ஸா' எனக் குறிக்கும். தெளிவு காணவே இயலாதவர் 'குன்ஸா முஷ்கில்'. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டினரான இமாம் ஸரக்ஸீ தம் 'அல் மப்ஸூத்' பெருநூலில் இவர்களுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளார்.

இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தின் புகழ்பெற்ற நடுவர் ஆமிர் இப்னு ளரிப் பற்றி இப்னு ஹிஷாமின் நபி வரலாற்று நூல் ஒரு செய்தி கூறுகிறது. இத்தகைய ஒருவரின் சொத்துரிமை வழக்கு அவரிடம் வந்தது. அவர் உடனே தீர்ப்புரைக்கவில்லை, அவகாசம் கேட்டார். இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டார். ஆடு மேய்க்கும் அடிமைப் பெண் ஸுகைலா காரணம் வினவி, சிறுநீர் கழியும் வழியை அடையாளமாகக் கொள்ளுங்கள் என்றாள். அதுவே தீர்ப்பாயிற்று, பிற்காலச் சட்டமும் அதனை ஏற்றது. அந்த அடையாளத்தின் அறிவியல் மதிப்பை இன்று மருத்துவர் சொல்வர். நாம் நோக்க வேண்டியது, அரபகமே மதித்த நடுவர் 'எனக்குத் தெரியவில்லை' என்று ஓரிரவு விழித்திருந்தார் என்பதையே.

தெளிவே பிறக்காவிடில்? ஒருவர் இறந்து, ஒரு மகனையும் குன்ஸாவான ஒரு பிள்ளையையும் விட்டுச் சென்றார் என்க. அப்பிள்ளை ஆணாயின் இருவருக்கும் பாதி பாதி. பெண்ணாயின் அதற்கு மூன்றில் ஒன்று, மகனுக்கு மூன்றில் இரண்டு. இமாம் அபூ ஹனீஃபா குறைந்த பங்கையே கொடுக்கச் சொன்னார். ஷாஃபிஈ சட்டத்தாரோ, எந்நிலையிலும் உறுதியான மூன்றில் ஒன்றை அப்பிள்ளைக்கும், எந்நிலையிலும் உறுதியான பாதியை மகனுக்கும் உடனே கொடுத்துவிட்டு, எஞ்சிய ஆறில் ஒன்றைத் தெளிவு பிறக்கும் வரையோ இருவரும் உடன்படும் வரையோ நிறுத்தி வைத்தனர். கருத்து வேறுபாடு இருப்பினும், ஐயத்தைக் காரணங்காட்டி அப்பிள்ளையை வாரிசுப் பட்டியலிலிருந்தே நீக்கச் சொன்னவர் எவருமிலர். தொழுகை வரிசையிலும் ஆண்களுக்குப் பின்னும் பெண்களுக்கு முன்னுமாக அவருக்கோர் இடம் வகுத்தனர்.

சொத்து வேறு, பந்தயம் வேறு என்பதை மறக்கலாகாது. ஆறில் ஒன்றை நிறுத்தி வைக்கலாம். மேடையில் வெள்ளிப் பதக்கத்தைப் பாதியாகப் பிளக்க இயலாது. பந்தயத்திற்கு வெட்டொன்று துண்டிரண்டாகக் கோடு ஒன்று வேண்டியே இருக்கிறது. ஆனால், ஐயம் தீருமுன் அவசரப்படாமை, உறுதியான உரிமையை உடனே அளித்தல், இடமின்றித் தள்ளாமை ஆகிய மூன்றும் பந்தயத்திற்கும் பொருந்துவன. 2006இல் இம்மூன்றும் இல்லை.

வழக்குமன்றம் சென்றோர்

சாந்திக்காகச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தின் கதவைத் தட்டுவார் எவருமிலர். எட்டாண்டுகளுக்குப் பின், 2014இல் ஒடிசாவின் த்யுதி சந்த் விலக்கப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. வழக்கு லோசான் சென்றது. 2015 ஜூலையில், ஹார்மோன் அளவுக்கும் ஓட்டத்தின் ஆதாயத்துக்கும் உள்ள தொடர்பு போதிய அளவு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி மன்றம் அவ்விதியை நிறுத்தி வைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் த்யுதி சந்த் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றார்.

2018இல் சம்மேளனம் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்குப் புதிய வரம்பு விதித்தது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா அதனை எதிர்த்தார். அவ்விதி பாகுபாடு உடையதே, எனினும் பெண்கள் பிரிவைக் காக்கத் தேவையானது என 2019 மே மாதம் நடுவர் மன்றம் மூவரில் இருவர் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம், சுவிட்சர்லாந்து நீதிமன்றம் அவர் முறையீட்டைப் போதிய ஆழத்தோடு ஆராயாமையால் நேர்மையான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என்றது.

சம்மேளனம் 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைக்குரிய பெண்கள் போட்டிகளில் பங்கேற்போர் வாழ்நாளில் ஒருமுறை எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என விதித்தது. ஹார்மோனை முழுமையாக ஏற்காதவர்க்கு விலக்கு உண்டு. அம்மரபணுவைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய அறிஞர் ஆண்ட்ரூ சின்க்ளேரே, அது இருப்பதைக் கொண்டு மட்டும் உடலின் செயலை அறிய முடியாது என்று இவ்விதியை மறுத்து எழுதினார். ஐயம் இன்னும் முற்றாகத் தீரவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் கடமை

கோடு எங்கே அமைய வேண்டும் என்பதை மருத்துவரும் நீதிபதிகளும் இன்னும் நெடுங்காலம் வாதிடுவர். அவ்வாதம் முடியும் வரை காத்திராமல் கேட்க வேண்டியவை சில உள. விதி பந்தயத்திற்கு முன்பே, ஓடுபவளின் தாய்மொழியில், அவளுக்குச் சொல்லப்பட வேண்டும். சோதனை வேண்டுமாயின் பெண் களம் இறங்குமுன், மறைவாக, மருத்துவ ஆலோசனையோடு நடைபெற வேண்டும். முடிவு அவளிடம் எழுத்தில் சேர வேண்டும். பிறர் செவிக்குச் செல்லலாகாது. மறுப்புரைக்கவும் மேல்முறையீடு செய்யவும் அரசே பொருளுதவி தர வேண்டும். எல்லைக்கு வெளியே நின்றாலும் அவளுடைய கல்வியும் வேலையும் பறிபோகலாகாது.

மரபணுச் சோதனை பள்ளி மைதானத்திற்கு வரவில்லை. ஆனால், அதைப் பற்றிய பேச்சு வந்துவிடும். ஒட்ட வெட்டிய முடியும் அகன்ற தோளும் கொண்ட சிறுமி ஒருத்தி முதலாவதாக ஓடி வந்தால், 'இவள் பெண்தானா?' என்று வேலியோரம் நிற்பவர் கேட்பார். அக்கேள்வியை அங்கேயே அடக்க வேண்டியவர் உடற்பயிற்சி ஆசிரியரும், அவளோடு ஓடிய பிள்ளைகளின் பெற்றோரும், ஊர்ப் பெரியவர்களும் ஆவர். ஆமிர் இப்னு ளரிப் ஓரிரவு உறக்கம் இழந்தார். ஒரு பெண்ணின் வாழ்வைப் பற்றித் தீர்ப்புரைக்குமுன் அவ்வளவு தயக்கமேனும் நமக்கு இருத்தல் வேண்டும்.