தங்கிச் செல்லாத விருந்தினர்

தண்டலை என்னும் பழஞ்சொல் சோலையைக் குறிக்கும். அச்சொல்லை நினைவூட்டும் தண்டலத்தின் வழியே இன்று பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர் சோலையைக் காணார். சரக்கு லாரிகளையும் ஆலை மதில்களையுமே காண்பர். அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அதன்பின் இவ்வட்டாரம் அடைந்த மாற்றத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இம்மண்ணின் பெயர் ஆலைகளோடு பிறந்ததன்று. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாக மணிமங்கலத்தைக் கூரம் செப்பேடு குறிக்கின்றது. 'சிவகாமியின் சபதம்' படித்த நம்மவர்க்கு அவ்வூர்ப் பெயர் புதிதன்று. ஆனால் அது ஒரகடத்துக்கு அணித்தே உள்ளதென அறிந்தோர் எத்தனை பேர்? ஸ்ரீபெரும்புதூரோ இராமானுசர் பிறந்த ஊர். 2017-இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பெற்றது. 2022-இல் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் அகழ்ந்தபோது கற்கருவிகளும் பொன்னணிகளும் வெளிப்பட்டன.

இத்தனை இருந்தும் ஊரார்க்கு இவற்றால் வருவாய் ஏதும் பெரிதாய் இல்லை. காரணம் எளியது. சென்னை நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். காலையில் வருவோர் கோவிலை வணங்கி, கட்டிவந்த புளியோதரையை உண்டு, இருட்டுமுன் திரும்பிவிடுகின்றனர். வேளாங்கண்ணியை எண்ணிப் பாருங்கள்! ஆகஸ்டு 29-இல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை திருப்பயணிகள் அங்கே தங்குகின்றனர். விடுதிக்காரர், மெழுகுதிரி விற்பவர், இட்லிக் கடைக்காரர் அனைவர்க்கும் அந்த இரவுகளே பிழைப்பு. 2015-இல் நடுவண் அரசு தொடங்கிய 'ஹிருதய்' என்னும் பழம்பெரும் நகர்த் திட்டத்தில் தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை காஞ்சியும் வேளாங்கண்ணியுமே. இவ்வட்டாரச் சிற்றூர்கள் எவர் நினைவிலும் இல்லை போலும்.

ஆலை இருக்கையில் இக்கவலை எதற்கு என்பர் சிலர். 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர், அவருள் பெரும்பகுதி இளம்பெண்கள், வேலையிழந்தனர். வளாகம் பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அப்பெண்களுக்குப் போன ஆண்டுகள் போனவைதாம். மணிமங்கலத்தை எவரும் வேறு நாட்டுக்குப் பெயர்த்துச் செல்ல இயலாது. அதற்காகக் கோவில்களும் போர்க்களமும் ஆலைக்கு ஈடாகச் சோறு போடும் என நான் சொல்ல வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பயிற்சி, இரவு தங்க நான்கு வீடுகள், காஞ்சியோடு இணைந்த ஒரு பயண வழி; இவ்வளவே இங்குக் கேட்பது. காட்டத்தக்கவற்றுள் மணிமங்கலத்திலும் பிள்ளைப்பாக்கத்திலும் உள்ள ஏரிகளைச் சேர்க்க மறவாதிருப்போமாக. அவற்றின் கரையும் மதகும் செப்பமுற்றால், விருந்தினர் வராத ஆண்டிலும் எஞ்சியுள்ள வயல்களுக்கு நீர் பாயும்.