கலயமும் பீப்பாயும்: தென்னார்க்காட்டில் கள் கடந்துவந்த வழி

இறக்கிய அன்றே குடித்துத் தீர்க்க வேண்டியது கள். பீப்பாயைத் திறந்த சில நாள்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டியது, முளைகட்டிய பார்லியிலிருந்து வடிக்கப்படும் பிரிட்டனின் ‘ரியல் ஏல்’. சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நொதியம் என்னும் நுண்ணுயிர் இரண்டிலும் கடைசிவரை உயிரோடு இருப்பதால், நெடுநாள் தேக்கிவைப்பதற்கோ தொலைதூரம் அனுப்புவதற்கோ இரண்டுமே ஏற்றவை அல்ல. ஊர்க்கடையை நம்பியே வாழ்ந்த இந்த இரு பானங்களும், அளந்து அடைக்கத்தக்க ஆலைச் சரக்கை எதிர்கொண்டபோது வெவ்வேறு முடிவுகளை அடைந்தன.

லால்பேட்டையை ஒட்டிய வீராணம் ஏரிப் பகுதி முதல் கடலூர்க் கடற்கரை வரையிலான தென்னார்க்காட்டு நிலத்தில் பனையும் தென்னையுமே கள்ளுக்கு ஊற்று. தளைநாரைக் காலில் மாட்டி மரமேறுபவர், பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை அரிவாளால் நாள்தோறும் மெல்லியதாகச் சீவி, சொட்டும் சாற்றைக் கலயத்தில் பிடிப்பார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதித்தல் தடைப்பட்டு, சாறு இனிப்பு மாறாத பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகி, மறுநாளுக்குள் காடியை நோக்கிப் புளித்துவிடும். மதுவை விலக்கிய இஸ்லாமியர் மிகுதியாக வாழும் லால்பேட்டை போன்ற ஊர்களிலும் பதநீருக்கு விலக்கு இல்லாமல் இருப்பது இந்தச் சுண்ணாம்பால்தான்.

கள் விற்கும் இடத்தை அடையாளம் காட்டும் வழக்கம் மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்போர் ஏற்றிய கொடியைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. இங்கிலாந்திலோ, ஏல் விற்பவர் கடைமுன் அடையாளப் பலகை நாட்ட வேண்டும் என்று 1393இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் விதித்தார். பானத்தின் தரத்தைச் சோதிக்கும் அலுவலர்கள் கடையை எளிதில் கண்டறிவதற்கு அது உதவியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மதுவின் மீதான அரசு வரி ‘ஆப்காரி’ எனப்பட்டது. அதனை ஒழுங்குபடுத்தச் சென்னை மாகாணத்துக்கென 1886இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சிதறிய தோப்புகளில் நாள்தோறும் ஊறும் கள்ளை அளந்து வரி விதிப்பது அரிது என்பதால், சீவப்படும் மரத்தை எண்ணி வரி வாங்கும் மரவரி முறை பரவியது. கடைகளை நடத்தும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. சாராயத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரே வடிசாலையில் காய்ச்சி, அளந்து, வரி கட்டி, எங்கும் அனுப்ப முடிந்தது. கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நடத்திய பாரி நிறுவனத்தின் பெயரில் இன்றும் முன்னிற்கும் ‘ஈ.ஐ.டி.’ என்ற எழுத்துகள், ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ்’ என்ற பெயரின் சுருக்கமாக, சர்க்கரையும் வடிசாலையும் இணைந்திருந்த அந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன.

1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதையும் தழுவியபோது கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1971இல் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த நால்வர், நொதியத்தை வடிகட்டி நீக்கி, சூடாக்கிப் பதப்படுத்தி, கரியமில வாயு ஏற்றி விற்கப்பட்ட ஆலை பீர் பழைய ஏலை விழுங்கிவிடும் என்று அஞ்சி, ‘காம்ரா’ என்ற நுகர்வோர் இயக்கத்தைத் தொடங்கினர். ஊர் ஊராகச் சென்று பப் எனப்படும் மதுக்கூடங்களின் ஏலைச் சுவைத்து மதிப்பிட்ட அதன் உறுப்பினர்களின் உழைப்பு, 1974 முதல் ஆண்டுதோறும் வழிகாட்டி நூலாக அச்சாகிவருகிறது. தமிழகத்தில் அதே 1974க்குள் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறக்கப்பட்ட கள்ளுக்கடைகளும் 1987இல் மூடப்பட்டன. ஆனால் 1983இல் நிறுவப்பட்ட அரசு மதுவிற்பனை நிறுவனமான டாஸ்மாக் வழியாகப் புட்டியில் அடைத்த ஆலைச் சரக்கின் விற்பனை தொடர்ந்தது. ஆக, மூடி முத்திரையிட்டுக் கணக்குக் காட்டத்தக்க மது நிலைத்தது. மரத்தடியில் புளிக்கும் மது குற்றமானது.

இந்த முடிவு தவிர்க்க முடியாததன்று என்பதற்குத் தமிழர் வாழும் பிற நிலங்களே சான்று. யாழ்ப்பாணத்தில் ‘தவறணை’ என்று வழங்கும் கள்ளுக்கடைகளைச் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. பனையோலையை மடித்துக் கட்டிய ‘பிளா’வில் கள்ளை ஊற்றிக் குடிப்பது அங்குள்ள மரபு. கடலூருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், முள்ளோடை எல்லையைத் தாண்டிய புதுச்சேரி நிலத்தில் கள் இன்றும் சட்டப்படி விற்கப்படுகிறது. எல்லைக்குத் தெற்கே, கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்புதான் சட்டத்தையும் குற்றத்தையும் பிரிக்கும் கோடாக இருக்கிறது.