நாடிழந்தவரின் பெயரில் ஒரு திரைவிழா

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் இளம் இயக்குநர்கள் தங்கள் புதிய படங்களோடு ஒவ்வொரு ஜனவரியிலும் கூடும் இடம், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய சார்ப்ரூக்கன் நகரம். 1980இல் தொடங்கிய இந்த ஜெர்மன் மொழித் திரைப்பட விழா மாக்ஸ் ஒஃபுல்ஸின் பெயரால் அழைக்கப்படுகிறது. இதில் ஒரு முரண் இருக்கிறது.

ஒஃபுல்ஸ் 1902இல் அந்நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்திரிய எழுத்தாளர் ஷ்னிட்ஸ்லரின் நாடகத்தை 'லீபெலை' என்ற படமாக்கினார். அது வெளியான 1933ஆம் ஆண்டிலேயே நாஜிகளிடமிருந்து தப்பிப் பாரிஸ் சென்றார். 1935இல் சார் நிலப்பகுதி மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்து ஹிட்லரின் ஜெர்மனியோடு இணைந்தபோது, பிறந்த ஊரும் அவருக்கு இல்லாமல் போயிற்று. 1938இல் பிரெஞ்சுக் குடிமகனானார். பிரான்சும் வீழ்ந்தபின் அமெரிக்காவில் தஞ்சமடைந்தார்.

எனினும் அம்மொழியின் இலக்கியத்தை அவர் விட்டுவிடவில்லை. ஸ்டெஃபான் ஸ்வைக்கின் கதையை 1948இல் ஹாலிவுட்டில் ஆங்கிலத்திலும், ஷ்னிட்ஸ்லரின் மற்றொரு நாடகத்தை 1950இல் பிரெஞ்சிலும் படமாக்கினார். இரண்டிலும் கதைக்களம் வியன்னாதான். 1957இல் ஹாம்பர்க் நகரில் காலமான அவர், பாரிஸ் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜெர்மன் சினிமா துரத்திவிட்ட அவரது பெயரில்தான் இன்று அம்மொழியின் இளங்கலைஞர்கள் பரிசு பெறுகிறார்கள். காலந்தாழ்ந்த நீதிதான், ஆனாலும் மறதியைவிட மேலானது.