மதுமயக்கமும் கொலைக்குற்றமும்: விடுபட்ட ஒரு சொல்லின் வரலாறு

பூந்தமல்லி என்றதும், ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்து 1998 ஜனவரி 28-இல் தீர்ப்பளித்த தனி நீதிமன்றமே வெளியூரார் நினைவுக்கு வரும். இவ்வூரில் அமர்ந்துள்ள கூடுதல் அமர்வு நீதிமன்றங்களின் அன்றாடம் அத்தகைய பெருவழக்குகளால் ஆனதன்று. குடித்த இடத்தில் சச்சரவு மூண்டு, கைக்கெட்டியதால் அடித்துக் கொன்ற வழக்குகள் தமிழகத்தின் எந்த அமர்வு நீதிமன்றத்திற்கும் புதியன அல்ல. எதிரி மதுமயக்கத்தில் இருந்தார், செய்வது இன்னதென்று அறியார் என்னும் வாதமும் புதிதன்று. அவ்வாதத்திற்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது?

இங்கிலாந்தின் பழைய சட்ட அறிஞர் கோக், குடி குற்றத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும் என்று கருதினார். காலப்போக்கில் இக்கடுமை தளர்ந்தது. உள்நோக்கம் கொள்ளும் ஆற்றலையே மது அழித்திருந்தால் அதனைக் கருதலாம் என 1920-இல் பியர்டு வழக்கில் பிரபுக்கள் சபை விதி வகுத்தது.

இதற்கு 60 ஆண்டுகள் முன்பே இந்தியத் தண்டனைச் சட்டம் தன் விடையை எழுதிவிட்டது. மெக்காலே தலைமையில் 1837-இல் வரையப்பெற்று 1860-இல் நிறைவேறிய அச்சட்டத்தின் 85-ஆம் பிரிவு, அறியாமலோ விருப்பத்திற்கு மாறாகவோ போதையூட்டப்பட்டு, செய்வதன் தன்மையை அறியும் திறன் இழந்தவனுக்கு மட்டுமே முழு விலக்கு அளித்தது. தானே குடித்தவனுக்கு 86-ஆம் பிரிவு. 'அறிவு அல்லது உள்நோக்கம்' எனத் தொடங்கும் அப்பிரிவு, முடிவில் தெளிந்தவனுக்குரிய 'அறிவை' மட்டுமே குடித்தவன்மேல் ஏற்றுகிறது. உள்நோக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. மார்பில் கத்தி பாய்ந்தால் உயிர் போகக்கூடும் என்பது அறிவு; இவனைக் கொன்றே தீரவேண்டும் என்பது உள்நோக்கம். கொலைக்குற்றத்தையும், கொலையாகாத மரணம் விளைத்தலையும் பிரிக்கும் கோடு பல வழக்குகளில் இங்கேதான் ஓடுகிறது.

விடுபட்ட இச்சொல் 1956-இல் உச்சநீதிமன்றத்தை எட்டியது. பாட்டியாலாவும் கிழக்குப் பஞ்சாப் அரசுகளும் இணைந்த 'பெப்சு' மாநிலத்திலிருந்து வந்தது பாஸ்தேவ் வழக்கு. 1954 மார்ச்சில் ஒரு திருமண வீட்டில் பகலுணவு வேளை. ஓய்வுபெற்ற ஜமேதார் ஒருவர், சற்றே நகர்ந்து இடம்விடுமாறு பதினைந்து பதினாறு வயதுச் சிறுவனிடம் சொன்னார். சிறுவன் அசையவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டார், சிறுவன் இறந்தான். ஓர் இருக்கைக்காக ஓர் உயிர்! அவர் குடித்திருந்ததைக் கருதி, அமர்வு நீதிபதி தூக்குக்கு மாறாக ஆயுட்காலத் தீவாந்தரத் தண்டனை விதித்தார். கொலைக்குற்றமே ஆகாது என்பது மேல்முறையீடு.

தீர்ப்பை எழுதியவர், முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சந்திரசேகர அய்யர். அறிவைச் சட்டமே ஏற்றிவிடும். உள்நோக்கத்தையோ, போதையின் அளவை எண்ணி, வழக்கின் சூழ்நிலையிலிருந்து பெறவேண்டும் என்றார். அந்த ஜமேதார் சில வேளை தள்ளாடினார், பேச்சுக் குழறினார்; எனினும் தாமே நடந்து வந்தார், இருக்கை தேர்ந்தார், சுட்டபின் தப்பியோட முயன்றார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். ஓடத் தெரிந்தவனுக்குச் சுட்டதும் தெரியும். மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

அத்தீர்ப்பு வந்தபோது சென்னை மாநிலத்தில் மதுவிலக்கு நடப்பிலிருந்தது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய அது 1948-இல் மாநிலம் முழுதும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளது. குடித்தவன் தானே குடித்தானா என்று சட்டம் நுணுகிக் கேட்கிறது. விற்றவர் யார் என்று கேட்பதில்லை. கொலையுண்டவரின் குடும்பத்தார் நீதிமன்ற வாயிலில் அதையும் கேட்டால் வியப்பதற்கில்லை.

2024 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவ்விரு பிரிவுகளும் 23, 24 என எண் மாறியுள்ளன. 24-ஆம் பிரிவின் பிற்பகுதியிலும் 'அறிவு' மட்டுமே இருக்கிறது.