சாவி கொடுக்கும் கைக்கடிகாரம்

பெங்களூரில் நம் குடியிருப்பின் இல்லங்கள் பலவற்றில் இன்றும் பேணப்பெறும் பொருள் எச்.எம்.டி. கைக்கடிகாரம். 1953-இல் இந்நகரில் தோன்றிய அந்நிறுவனம், 1961-இல் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணைகொண்டு கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. முதற்கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். மணமக்களுக்கும் ஓய்வு பெறுவோர்க்கும் அதுவே பரிசாயிற்று.

"ஜனதா" வகைக்கு நாள்தோறும் சாவி கொடுத்தல் வேண்டும். எம் தந்தையார் இரவுப் பணிக்குப் புறப்படுமுன் கொடுப்பார். அவர் மறைந்தபின் அக்கடமை எம்முடையதாயிற்று.

2016-இல் அக்கடிகார நிறுவனத்தை மூட அரசு முடிவு செய்தது. பழுது பார்ப்போரும் அருகி வருகின்றனர். முள் நின்றுவிடலாம், குடும்ப நினைவு அழிந்துவிடலாகாது. யார் அணிந்தது, எப்போது வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி, கடிகாரத்தோடு வைத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போமாக!